எட்டாம் வகுப்புக்கு அப்பால்

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களுக்கு இரண்டு கவலைகள் முதற்கண் எழுகின்றன. ஒன்று, குடியிருக்க வீடு. மற்றொன்று, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம். வீட்டைப் பற்றிய கவலை சில திங்களில் ஒருவாறு தீர்ந்துவிடும். பள்ளியைப் பற்றிய கவலையோ பிள்ளை வளர வளரத் தானும் வளர்வது. தொடக்க வகுப்பில் ஒரு பள்ளி இல்லையெனில் மற்றொரு பள்ளி கிடைத்துவிடுகிறது. பதினான்கு வயதுப் பிள்ளையை உடன் அழைத்துக்கொண்டு, மாற்றுச் சான்றிதழைக் கையிலே பிடித்தவாறு, ஆண்டின் நடுவில் ஒரு பள்ளியின் படியேறிப் பார்த்தவர்க்கே அந்தத் துன்பம் தெரியும். "ஒன்பதாம் வகுப்பில் இடம் நிறைந்துவிட்டது" என்னும் சொல்லைக் கேளாத பெற்றோர் நம்முள் மிகச் சிலரே.

இந்தச் சொல் ஏன் பிறக்கிறது? பிள்ளைகள் திடீரென்று பெருகிவிட்டனரா? இன்று ஒன்பதாம் வகுப்பின் வாசலில் நிற்கும் பிள்ளை, எட்டு ஆண்டுகளுக்கு முன்பே முதல் வகுப்புப் பதிவேட்டில் பெயர் எழுதப்பெற்ற பிள்ளைதானே! வரப்போகும் மழையைக் கணிப்பது கடினம்; ஏற்கெனவே மலையில் பெய்த மழை எப்போது அணைக்கு வந்து சேரும் என்று கணிப்பது அத்துணைக் கடினமன்று. எனினும் உயர்நிலைப் பள்ளிகளின் வரலாற்றை நோக்குமிடத்து, அறிந்த வெள்ளத்திற்கே நாம் மீண்டும் மீண்டும் காலந்தாழ்ந்து கரை கட்டியிருப்பதைக் காண்கிறோம். அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிலருக்கென எழுந்த பள்ளி

இன்றுள்ள பள்ளிமுறையின் அடிப்படை 1854ஆம் ஆண்டு சார்லஸ் வுட் விடுத்த கல்வி அறிக்கையில் அமைந்தது. அரசு நேரே நடத்தும் பள்ளிகள் ஒருபுறமும், தனியார் நடத்தி அரசின் மானியம் பெறும் பள்ளிகள் மறுபுறமுமாக வளரும் ஏற்பாட்டுக்கு அதுவே வழிகோலியது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவற்றின் மெட்ரிகுலேஷன் தேர்வே உயர்நிலைப் பள்ளியின் குறிக்கோளாயிற்று. கல்லூரிக்கோ அரசு அலுவலுக்கோ செல்லவிருக்கும் சிலருக்கு உரிய இடம் என்றே அப்பள்ளி கருதப்பட்டது.

1882இல் அமைந்த ஹண்டர் குழு, உயர்நிலைக் கல்வியைக் கூடியவரை மானியம் பெறும் தனியார் முயற்சிக்கே விட்டுவிட வேண்டும் என்றும், தேவைப்படும் மாவட்டத்தில் மாதிரியாக ஓர் அரசுப் பள்ளி இருந்தால் போதும் என்றும் பரிந்துரைத்தது. இதன் விளைவை எளிதில் உணரலாம். கட்டணம் செலுத்தக்கூடியோர் எங்கு வாழ்ந்தனரோ, பொருளும் ஊக்கமும் உடைய அறவோர் எங்கு இருந்தனரோ, அங்குப் பள்ளிகள் எழுந்தன. பிள்ளைகளின் தொகையை எண்ணி, இன்ன ஊரில் இத்தனை இடம் வேண்டும் என்று திட்டமிடும் பொறுப்பு யாருக்கும் இல்லாது போயிற்று.

வெளியூர்களில் குடியேறிய நம்மவரும் தம் கையையே நம்பினர். தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என 1911இல் அறிவிக்கப்பட்ட பின், தெற்கிலிருந்து வந்த அலுவலர் குடும்பங்கள் இங்குப் பெருகின. 1923இல் அவர்கள் தொடங்கிய கல்விச் சங்கமே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து ஏழு பள்ளிகளை நடத்திவருகிறது. பம்பாயில் மாட்டுங்காப் பகுதியில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது. அரசு எண்ணாத பிள்ளைகளை அவர்தம் சமூகமே எண்ணிக்கொண்ட காலம் அது.

நாடு முழுவதற்குமாகக் கணக்கிட்டுப் பார்க்கும் முயற்சி 1944இல் வந்த சார்ஜெண்ட் அறிக்கையில் தெளிவான உருவம் பெற்றது. நாற்பது ஆண்டுகளில் நிறைவேற வேண்டிய திட்டம் அது. ஆறு முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி வேண்டும் என்று கூறிய அவ்வறிக்கை, உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபோது ஏறத்தாழ ஐவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று அமைந்தது. எல்லோருக்கும் உரியது தொடக்கக் கல்வி, சிலருக்கு உரியது உயர்நிலைக் கல்வி என்னும் எண்ணம் அந்த அளவுக்கு ஊறியிருந்தது.

விடுதலையும் முதலியார் குழுவும்

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது நிறையும் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று நெறி வகுத்தது. உயர்ந்த நோக்கம், ஆயினும் பதினான்கு வயது என்பது எட்டாம் வகுப்பின் முடிவு. அதற்கு மேற்பட்ட வகுப்பில் இடம் தருவது எவர் கடமை என்பதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை.

அன்றைய நிலையைச் சில எண்களால் அறியலாம். 1950–51இல் நாடெங்கும் தொடக்க வகுப்புகளில் 1 கோடியே 92 லட்சம் பிள்ளைகள் படித்தனர். நடுநிலை வகுப்புகளில் 31 லட்சம் பேர். அதற்கு மேல் 15 லட்சம் பேரே. தொடக்கப் பள்ளிகள் 2 லட்சத்து 10 ஆயிரம் அளவில் இருக்க, உயர்நிலைப் பள்ளிகள் 7,400 அளவிலேயே இருந்தன. அகன்ற அடியும் ஊசி முனையும் கொண்ட கோபுரம் போன்று நம் கல்வி நின்றது.

இந்நிலையை ஆராய 1952இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். மகப்பேறு மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்ற அறிஞர் அவர். 1953இல் வெளிவந்த அவருடைய குழுவின் அறிக்கை, பலநோக்குப் பள்ளிகள், தேர்வுச் சீர்திருத்தம், ஆசிரியர் நிலை எனப் பலவற்றைப் பேசியது. நம் பொருளுக்கு உரியது அதில் உள்ள ஒரு சிறு பரிந்துரை. ஒரு வகுப்பில் முப்பது பேர் இருப்பதே தக்கது. எந்நிலையிலும் நாற்பதைத் தாண்டலாகாது. ஒரு பள்ளியில் ஐந்நூறு பேர் இருப்பது நலம். எழுநூற்றைம்பதே உச்ச வரம்பு.

வரம்பு ஒன்றை வகுத்துவிட்டால், அதனோடு ஒரு கணக்கும் வந்து சேர்கிறது. நாற்பத்தோராவது பிள்ளைக்கு எங்கே இடம் என்னும் கேள்வி உடனே எழும். வரம்பு இல்லாத இடத்தில் அக்கேள்வி எழாது; பெஞ்சில் ஐவர் இருந்த இடத்தில் எழுவர் நெருக்கி உட்கார்வர்; குறை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். முதலியார் குழு தந்த அளவுகோலைப் பின்வந்தோர் பாராட்டினர். அதன்வழிப் பிறக்கும் கணக்கை முன்கூட்டிப் போடவில்லை.

அலை மேலேறிய காலம்

அக்கணக்கை நம் தாயகத்தை வைத்தே விளக்கலாம். காமராசர் 1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தார். சிற்றூர்தோறும் தொடக்கப் பள்ளி திறப்பதும், 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் அந்த ஆட்சியின் பெருஞ்செயல்கள். கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர் மக்கள் நிலமும் கட்டடமும் நாற்காலியும் கரும்பலகையும் உவந்து வழங்கினர். பசியினாலும் பள்ளியின் தொலைவினாலும் வெளியே நின்ற பிள்ளைகள் உள்ளே வந்தனர்.

1956இல் முதல் வகுப்பில் அமர்ந்த ஒரு குழந்தை, இடையில் நில்லாது படித்திருப்பின், 1964இல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கும். ஓர் ஊரை மனத்தில் கொள்வோம். அதனைச் சுற்றியுள்ள ஐந்து சிற்றூர்களிலும் பள்ளி உண்டு. ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு நாற்பது பிள்ளைகள் எட்டாம் வகுப்பை முடிக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் இருநூறு பேர். நாற்பது பேருக்கு ஒரு பிரிவு எனில் ஒன்பதாம் வகுப்புக்கு ஐந்து அறைகள். அடுத்த ஆண்டு அவர்கள் பத்தாம் வகுப்புக்குச் செல்ல, மேலும் ஐந்து அறைகள். பத்து அறைகளோடு கணக்கு முடிவதில்லை. அறிவியல் கூடம், நூலகம், பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை, ஒவ்வொரு பாடத்திற்கும் பட்டம் பெற்ற ஆசிரியர் ஆகியனவும் வேண்டும். அறையை ஓராண்டில் கட்டிவிடலாம். கணித ஆசிரியரை ஓராண்டில் உருவாக்க இயலாது. அவர் பள்ளி முடித்துக் கல்லூரியில் பயின்று பயிற்சியும் பெற்று வருவதற்குள் இருநூறு இருநூறாகப் பல தொகுதிகள் கடந்துபோய்விடும். ஆகவே எட்டாண்டு முன்னறிவிப்பு என்பது ஆசிரியரை ஆயத்தம் செய்வதற்கு மட்டுமே போதுமான காலம்.

எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற உணர்வு நாட்டில் இல்லாமற் போகவில்லை. எந்தக் குடியிருப்பில் எத்தனை மக்கள், அங்கிருந்து பள்ளி எவ்வளவு தொலைவு என்பவற்றை அறிய முதல் அகில இந்தியக் கல்வி அளவீடு 1957இல் மேற்கொள்ளப்பட்டது. 1965, 1973, 1978 என அது தொடர்ந்து நடந்தது. தௌ. சி. கோத்தாரியின் தலைமையில் அமைந்த கல்விக் குழு 1966இல் அளித்த அறிக்கையில், மாவட்டந்தோறும் உயர்நிலைக் கல்விக்கென வளர்ச்சித் திட்டம் ஒன்று வகுத்துப் பத்தாண்டுகளில் நிறைவேற்ற வேண்டும் என்று வலியுறுத்தியது. பள்ளி எங்கே வேண்டும் என்பதை ஊரின் செல்வாக்கோ தலைவரின் விருப்பமோ முடிவு செய்யாது, தேவையே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. இன்று படித்தாலும் அதனினும் தெளிவான வழி தோன்றவில்லை.

நாட்டின் வளர்ச்சியை மறுப்பதற்கில்லை. 2000–01ஆம் ஆண்டுக்குள் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் 11 கோடியே 38 லட்சமாயினர். இஃது ஆறு மடங்கு வளர்ச்சி. நடுநிலைக்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 லட்சம் 2 கோடியே 76 லட்சமாயிற்று. இது பதினெட்டு மடங்கு. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தொகை 7,400இலிருந்து 1 லட்சத்து 26 ஆயிரமாயிற்று. இது பதினேழு மடங்கு. அடியிலே ஆறு மடங்கு வளர்ந்த அலை, மேலே ஏறும்போது பதினெட்டு மடங்காகப் பெருகியது என்பதே இவ்வெண்கள் புலப்படுத்தும் உண்மை. முன்னர் இடையில் நின்றவர்கள் நில்லாமல் தொடர்ந்தனர். தொடக்கப் பள்ளியின் வெற்றியே உயர்நிலைப் பள்ளியின் நெருக்கடி ஆயிற்று.

தலைநகரில் கண்டது

அறிந்து வரும் வெள்ளம் ஒருபுறம் இருக்க, அறியாமல் வரும் வெள்ளமும் உண்டு. 1941இல் தில்லியின் மக்கள்தொகை 9 லட்சத்து 18 ஆயிரம். நாட்டுப் பிரிவினையால் வீடிழந்து வந்தோரையும் சேர்த்து 1951இல் அது 17 லட்சத்து 44 ஆயிரம் ஆயிற்று. பத்தாண்டுகளில் ஏறத்தாழ இருமடங்கு! எந்தத் திட்டமும் அதனை முன்கூட்டி எண்ணியிருக்க முடியாது. வெயிலும் பனியும் புகும் கூடாரங்களில் வகுப்புகள் நடந்தன. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளி, பிற்பகலில் ஒரு பள்ளி என்னும் ஷிப்டு முறை வேரூன்றியது. இன்றும் தில்லி அரசுப் பள்ளிகள் பலவற்றில் காலையில் பெண்பிள்ளைகளும் பிற்பகலில் ஆண்பிள்ளைகளும் படிக்கின்றனர்.

ஷிப்டு முறையை இகழ்ந்து பேசுவது எளிது. ஆனால் அம்முறை இல்லையெனில் எத்தனையோ பிள்ளைகள் தெருவில் நின்றிருப்பர். இடர்க்காலத்துக்கு அது நல்ல மருந்து. இடர் நீங்கிய பின்னும் மருந்தே உணவாகிவிட்டது என்பதே நம் குறை. விளையாடும் நேரமும், நூலகத்தில் அமரும் நேரமும், ஆசிரியரிடம் தனியே ஐயம் தெளியும் நேரமும் அடுத்த ஷிப்டின் மணியோசைக்கு அஞ்சிச் சுருங்கிவிடுகின்றன.

ஊர் மாறும் அலுவலர்களின் பிள்ளைகளுக்காக அரசு கண்ட தீர்வு மத்தியப் பள்ளிகள். இரண்டாம் ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1962இல் இதற்கான முடிவு எடுக்கப்பட்டது. 1963–64இல் படைப்பிரிவுப் பள்ளிகள் இருபதை ஏற்று இம்முறை தொடங்கியது. கேந்திரிய வித்யாலயம் என இன்று வழங்கும் இப்பள்ளிகள் 1,200க்கு மேல் உள்ளன. யாருக்கு இடம் வேண்டும் என்று முதலில் எண்ணி, பின்னர்ப் பள்ளியை அமைத்தால் என்ன பயன் விளையும் என்பதற்கு இது சான்று. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் அவற்றில் பயின்று உயர்ந்தவர்களே. ஆயினும் மாற்றல் ஆணையோடு வரும் அலுவலருக்குக் கிடைத்த அந்த உறுதி, பிழைப்புத் தேடி வரும் கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் கிடைக்கவில்லை.

இடம் என்பது யாது?

பள்ளியில் இடம் என்றால் உட்காரும் பலகை ஒன்றையே நாம் நினைக்கிறோம். வீட்டிலிருந்து அப்பலகை வரை உள்ள வழியும் அதில் அடங்கும். எட்டாம் வகுப்பு வரை ஊருக்குள்ளேயே படித்த பெண், ஒன்பதாம் வகுப்புக்கு ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றால், பெற்றோர் அவளை வீட்டிலேயே இருத்திவிடுகின்றனர். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்பிள்ளைகளுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் தரும் திட்டம் தொடங்கப்பட்டது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியலறிஞர் இருவர் அதன் விளைவை ஆராய்ந்தனர். உயர்நிலை வகுப்புகளில் பெண்பிள்ளைகளின் சேர்க்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது என்றும், பள்ளி தொலைவில் உள்ள ஊர்களிலேயே பயன் மிகுதி என்றும் கண்டனர். அங்கெல்லாம் காலியாகக் கிடந்த பலகைக்கும் வெறுமனே வீட்டில் இருந்த பெண்ணுக்கும் இடையே இருந்தது வழி ஒன்றே.

2009இல் வந்த இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்து, கல்வியைப் பிள்ளையின் உரிமையாக்கியது. ஆனால் அதுவும் பதினான்கு வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதே 2009இல் தனித் திட்டமாக வந்த தேசிய இடைநிலைக் கல்வி இயக்கம், ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஐந்து கிலோமீட்டருக்குள் உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்றது. 2005–06இல் 52 விழுக்காடாக இருந்த சேர்க்கையை ஐந்தாண்டுகளில் 75 விழுக்காடாக்குவது அதன் இலக்கு. 2018இல் அது ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் உயர்நிலை வரை எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க விழைகிறது.

இவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது நாம் தேடிய காரணம் விளங்குகிறது. 45ஆம் பிரிவாயினும் 2009ஆம் ஆண்டுச் சட்டமாயினும், எட்டாம் வகுப்பின் வாசல் வரை அரசுக்குக் கடமை. அதற்கு அப்பால் அரசுக்கு விருப்பம். கடமைக்கு முன்கூட்டியே கணக்குப் போடுவர். விருப்பத்துக்குப் பணம் மிஞ்சும்போது கணக்குப் போடுவர். உயர்நிலைப் பள்ளியில் இடம் எப்போதும் காலந்தாழ்ந்தே வருவதன் வேர் இதுவே.

இருக்கும் இடமும் ஒரு நாளில் இல்லாது போகலாம். 2025 ஜூன் திங்களில் தில்லி ஜங்புரா அருகே இருந்த மதராசி முகாம், உயர்நீதிமன்ற ஆணையின்படி அகற்றப்பட்டது. பல்லாண்டுகளாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது. தகுதியுடையவை எனக் கொள்ளப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. வடிகாலைத் தூய்மை செய்வது நகரத்துக்குத் தேவையே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் வீட்டைக் கணக்கிட்ட ஏட்டில், எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதற்கும் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். அங்கு வளர்ந்த பிள்ளைகளின் பள்ளி தென்தில்லியிலேயே நின்றது. அவர்களின் வீடு மட்டும் வடக்கே போயிற்று. பலகை இருக்கிறது, வழி நீண்டுவிட்டது.

இனி வருங்காலம்

இதுவரை பெருக்கத்தையே பேசினோம். இனி வரும் ஆண்டுகளில் கணக்கு வேறு வகையில் அமையும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி நாட்டில் 2.0, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 1.8, பீகாரில் 3.0. தெற்கே முதல் வகுப்பில் பலகைகள் காலியாகின்றன. வடக்கே உயர்நிலை வகுப்புகளில் பலகை போதவில்லை. நகரங்களில் நெருக்கம்; சிற்றூர்களில் வெறுமை. குறைவதற்குத் திட்டமிடுவதும் திட்டமிடுதலே. தொடக்க வகுப்புகள் விட்டுச்செல்லும் அறைகளை உயர்நிலை வகுப்புகளுக்கு ஆயத்தம் செய்தால், இருக்கும் கட்டடத்திலேயே ஒவ்வொரு வகுப்பையும் முதலியார் குழு கூறிய முப்பதுக்குக் கொண்டுவரலாம். அவ்வாறன்றிப் பிள்ளைகள் குறைந்தனர் என்று பள்ளியையே மூடிவிட்டால், எஞ்சிய சிலருக்கு வழி நீண்டுவிடும்.

அரசு செய்ய வேண்டியவை இவை. சங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நூறாண்டுக்கு முன் நம் முன்னோர் பொருளைத் திரட்டுவதற்கு முன்னரே பிள்ளைகளை எண்ணினர். நாமும் எண்ணுவோம். நம் உறுப்பினர் வீடுகளில் மட்டுமன்றி, நம் வீடுகளில் வேலை செய்வோர் குடியிருப்புகளிலும், கட்டடம் எழும் இடங்களிலும், தமிழ் பேசும் பிள்ளைகளுள் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்பில் படிப்போர் யார் யார் என்று ஓர் ஏட்டில் எழுதுவோம். எட்டாம் வகுப்பை முடிப்பவர்க்கு எந்தப் பள்ளியில் இடம் உண்டு, எந்தச் சான்றிதழ் வேண்டும், எந்தப் பேருந்து செல்லும் என்பவற்றை ஏப்ரல் திங்களுக்கு முன்பே பெற்றோர்க்கு எடுத்துரைப்போம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், ஞாயிற்றுக்கிழமை மாலைகள் சிலவும், கதவைத் தட்டத் தயங்காத இளைஞர் நால்வரும் இருந்தால் போதும்.

அடுத்த ஆண்டு விழாவில் அந்த ஏட்டைப் பிரித்து, இத்தனை பிள்ளைகள் எட்டாம் வகுப்பை முடித்தனர், அத்தனை பேரும் ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்துள்ளனர் என்று படிக்கும் நிலை வருமாயின், நம் சங்கத்துக்கு அதனினும் சிறந்த ஆண்டறிக்கை வேறு இராது.